பெற்றுக்கொண்டேன்

உத்தரவு பதினோரு பக்கம்.
எனக்கு வந்தது கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ்:
வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள்,
பெண் காவலர் முன்னிலையில்,
மைனர் அஃப்ரா தகப்பன் வசம்.

பெண் காவலர் என்றால் நான்தான்.
பாபநாசம் மகளிர் ஸ்டேஷனில் மற்ற இருவருக்கும்
ஆடி வெள்ளி பந்தோபஸ்து.

ராஜகிரிக்கு ஆட்டோவில் போனேன்.
பிள்ளை ஜீப்பில் ஏறுவதைத்
தெரு பார்க்க வேண்டாம் என்று.
வீட்டில் எல்லாரும் குளித்து உடுத்தி
கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள்போல் இருந்தார்கள்.
மெஹ்ருன் மட்டும் குந்தி உட்கார்ந்து
பெட்டியை எடை போட்டாள்.
ஒரு கிலோ கூடுதல்.
எதை எடுக்கலாம் என்று என்னைப் பார்த்தாள்,
எனக்குச் சட்டம் தெரியும் என்பதுபோல.
தம்ரூட் டப்பாவை எடுத்தாள்.
திரும்ப வைத்தாள்.
மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்
கட்டிலில் போட்டாள்.

ஆட்டோவில் அந்தப் பிள்ளை என் சட்டையை வாசித்தது.
ப. வு. ன. ம். மா. ள்.
விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக.
'ள்' சுத்தமாக வந்தது.
மெல்போர்னில் பிறந்த நாக்குக்குப்
பதினாலு மாதத்தில் அது பெரிய விஷயம் என்றேன்.
அது வேறு யோசனையில் இருந்தது.
"நீங்க அத்தாவை அரெஸ்ட் பண்ணுவீங்களா,
அம்மாவையா?"
யாரையும் இல்லை கண்ணு.
"அப்ப என்னையா?"

குடமுருட்டிப் பாலம் வந்தது.
நல்லவேளை, தண்ணீர் ஓடியது, காட்டினேன்.
"எங்கேருந்து வருது?"
மேலேயிருந்து.
கோர்ட்டு சொன்னால்தான் வரும் என்று சொல்லவில்லை.
என் வீட்டுக்காரர் லஸ்கர், ஷட்டர் சாவி அவரிடம்.
எத்தனை கனஅடி, எத்தனை நாள், எல்லாம் தாளில் வரும்.
எவன் பயிர் காய்கிறது என்று
தாளுக்குத் தெரியாது பவுனு, என்பார்.
தாள் இல்லாவிட்டால் வெட்டிக்கொண்டு சாவான்கள்,
அதையும் அவரேதான் சொல்வார்.

இத்ரீஸ் மூன்று மணிக்கே வந்து
ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.
கொடியவன் ஒருவனை எதிர்பார்த்திருந்தேன்.
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.
கையில் ஊதா நிறக் குளிர்கோட்டு.
இங்கே ஆடி, அங்கே குளிர்காலமாம்.
பிள்ளை விட்டுவந்த அதே கோட்டு.
மண்டியிட்டுப் போட்டுவிட்டார்.
கை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.
இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.
கோட்டுக்கு வெளியே
ஒரு சாண் பிள்ளை.

"பத்து வயசு சைஸ் வாங்கணும்.
தோள் அகலம் இப்ப."
மெஹ்ருன் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.
அவர் தலையாட்டினார்.
வக்கீல்கள் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது
அதற்கு முன் எப்போதோ, எனக்குத் தெரியாது.

ரசீதை நான் எழுதினேன்.
மைனர் அஃப்ரா, வயது எட்டு,
நல்ல உடல்நலத்துடன், பாஸ்போர்ட் சகிதம்
பெற்றுக்கொண்டேன்.
எத்தனை முறை எழுதிய சொல்.
களவுபோன பைக்குக்கு, அறுத்த செயினுக்கு,
பஸ்ஸில் தொலைந்த செல்போனுக்கு.
அவர் கையெழுத்துப் போட்டார்.
அதற்குக் கீழே பெற்றவள்
'ஒப்படைத்தேன்' போட வேண்டும்.
பேனா எழுதவில்லை என்றாள்.
எழுதியது. நான் உதறிப் பார்த்தேன்.
இருந்தாலும் வேறு பேனா தேடினேன்,
மேசை அறையெல்லாம், நிதானமாக.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.
எட்டு நிமிடம் உத்தரவில் மிச்சம் இருந்தது.
அதை யார் வசம் என்று எழுதவில்லை.
நாலு டீ சொன்னேன்.

பிள்ளையின் டீயை ஆற்றித் தர
இரண்டு பக்கமிருந்தும் கை நீண்டது.
இரண்டும் நின்றன.

நானே ஆற்றினேன்,
எவ்வளவு உயரத்திலிருந்து முடியுமோ
அவ்வளவு உயரத்திலிருந்து,
திரும்பத் திரும்ப.